தோலின் நிறமும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும்

மனிதத் தோலின் நிறத்தைப் பற்றி இந்தியாவில் பேசப்படும் அளவுக்கு, அந்நிறம் எவ்வாறு உண்டாகிறது என்பது பேசப்படுவதில்லை. திருமண விளம்பரத்தின் முதல் வரியில் இடம்பெறும் செய்தி, உயிரியல் பாடநூலில் ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. கருநிறத்தவரின் தோலில் நிறமி உயிரணுக்கள் மிகுதி, வெளுத்த நிறத்தவரிடம் அவை குறைவு என்று படித்தவர்களே கருதுகின்றனர். இது சரியன்று. உடலின் ஒரே இடத்தை எடுத்துக்கொண்டால், இவ்வுயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா இனத்தவரிடமும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது உற்பத்தியும் விநியோகமும்தான்.

மெலனோசைட் எனப்படும் நிறமி உயிரணு மேல்தோலின் அடியடுக்கில் இருக்கிறது. டைரோசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து, டைரோசினேஸ் என்ற நொதியின் துணையால் அது மெலனினை உண்டாக்குகிறது. நிறமியைச் சிறு பைகளில் நிரப்பித் தன் கிளைகளின் வழியே சுற்றியுள்ள தோல் உயிரணுக்களுக்கு அனுப்புகிறது. ஒரு மெலனோசைட் ஏறத்தாழ 36 உயிரணுக்களுக்கு இவ்வாறு நிறமி வழங்குகிறது. இத்தொழிலுக்கான மரபணுக்களை இயக்கும் தலைமைப் புரதம் எம்.ஐ.டி.எஃப். ஆகும்.

இந்த உற்பத்தியின் அளவை யார் வரையறுக்கிறார்கள்? ஒளி, ஹார்மோன், பரம்பரை எனப் பல உண்டு. அவற்றோடு அண்மைக் காலத்தில் சேர்க்கப்பட்டவை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள். 1993-இல் விக்டர் ஆம்புரோஸ், கேரி ருவ்குன் ஆகிய இருவரின் ஆய்வுகள் ஒரு சிறு புழுவில் இவற்றை வெளிப்படுத்தின. அப்போது பலர் அதைப் புழுவின் விந்தை என்றே ஒதுக்கினர். 2024-இல் அதே கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்துகள் கொண்ட துணுக்கு. அது எந்தப் புரதத்தையும் உண்டாக்குவதில்லை. மரபணுவின் கட்டளையை எடுத்துச் செல்லும் தூது ஆர்.என்.ஏ.வின் வாற்பகுதியில் பொருந்தி, அக்கட்டளையை மட்டுப்படுத்துகிறது. ஆணை பிறப்பிக்கப்பட்ட பின்னரும், அது எவ்வளவு நிறைவேற வேண்டும் என்பதைக் குறைத்து முடிவு செய்யும் இடைநிலை அலுவலர் போன்றது எனலாம்.

நிறமி உயிரணுவில் இதற்குச் சான்றுகள் பல. மைக்ரோ ஆர்.என்.ஏ.-137 எம்.ஐ.டி.எஃப்.-ஐக் குறைப்பதாக 2008-இல் தெரியவந்தது. அல்பாகா என்னும் கம்பளி விலங்கில், பழுப்புத் தோலைவிட வெண்தோலில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-25 மிகுந்து காணப்பட்டது, அதுவும் எம்.ஐ.டி.எஃப்.-ஐயே தாக்குகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை வெட்டித் தயாரிக்கும் டைசர் நொதியை எலியின் நிறமி உயிரணுக்களிலிருந்து நீக்கியபோது, நிறம் குன்றியதோடு நிற்கவில்லை, உயிரணுக்களே மடிந்தன. இதில் ஒரு சுவையான சுழற்சி உண்டு. மெலனோசைட்டில் டைசரின் உற்பத்தியைத் தூண்டுவதும் எம்.ஐ.டி.எஃப்.தான் என்று 2010-இல் காட்டப்பட்டது. கட்டுப்படுத்துவோரைத் தலைவரே நியமிக்கிறார். அவர்களுள் சிலர் தலைவரையே கட்டுப்படுத்துகின்றனர்.

அண்டை உயிரணுக்களும் சும்மா இருப்பதில்லை. அவை வெளியிடும் நுண்பைகள் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைச் சுமந்து சென்று மெலனோசைட்டின் உற்பத்தியை மாற்றுவதை 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்று தெரிவித்தது. நிறமியைப் பெறுவோரே அதை உண்டாக்குவோருக்குச் செய்தி அனுப்புகின்றனர் என்பது இதன் பொருள்.

இனி, வெண்புள்ளி நோய்க்கு வருவோம். இதனை வெண்குஷ்டம் என்று அழைக்கும் வழக்கம் எத்தனையோ குடும்பங்களுக்குத் தீங்கு செய்திருக்கிறது. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. வெண்புள்ளியோ, உடலின் நோய்த்தடுப்பு அணுக்கள் சொந்த மெலனோசைட்டுகளையே அழிப்பதால் தோன்றுவது; தொற்றாது. இந்நோயுற்ற தோலில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-155 மிகுந்திருப்பது 2016-இல் அறியப்பட்டது. எனினும் அங்கே மெலனோசைட்டின் உற்பத்தி மட்டும் குறைந்திருக்கவில்லை, மெலனோசைட்டே மறைந்திருக்கிறது. தொழிலாளி இல்லாத ஆலையில் ஊக்கத்தொகையை உயர்த்திப் பயனில்லை. முதலில் அழிவு நிற்கவேண்டும். அதன் பிறகே மயிர்க்கால்களில் எஞ்சிய உயிரணுக்கள் மேலேறி, புள்ளி புள்ளியாக நிறத்தை மீட்கின்றன. 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ருக்சோலிட்டினிப் களிம்பு செய்வதும் அழிவை நிறுத்தும் பணியையே.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வையே மருந்தாக்குவது எளிதன்று. ஒரு துணுக்கு நூற்றுக்கணக்கான கட்டளைகளைத் தொடக்கூடும். புற்றுநோய்க்கென மைக்ரோ ஆர்.என்.ஏ.-34 வகையை மாதிரியாகக் கொண்டு செய்த மருந்தின் சோதனை, நோய்த்தடுப்பு மண்டலம் சார்ந்த கடும் விளைவுகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது. ஆய்வகத்தின் சொற்கள் கடைத்தெருவுக்கு விரைந்து வரும் காலம் இது. வெண்புள்ளியைக் குணமாக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அதன் அட்டவணையில் தொழுநோயும் வெண்புள்ளியும் இரு வேறு நோய்களாகவே பதிவாகியுள்ளன.