பாலடினுக்குத் தந்த வாக்கு



ஆன்லைன் விளையாட்டு ஒன்றில் நுழைகிறவர் முதலில் செய்ய வேண்டியது, தான் யாராக இருக்கப்போகிறோம் என்று முடிவெடுப்பது. 2004 நவம்பரில் பிளிஸார்ட் நிறுவனம் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற விளையாட்டை அமெரிக்காவில் வெளியிட்டபோது, அதில் ஒன்பது பாத்திர வகைகள் இருந்தன. விளையாடுகிறவர்கள் இவற்றைக் கிளாஸ் என்பார்கள். வாளும் கேடயமும் ஏந்தும் வாரியர், நெருப்பும் பனியும் பொழியும் மேஜ், காயம் ஆற்றும் பிரீஸ்ட், மறைந்து வந்து குத்தும் ரோக், வில்லோடும் வளர்ப்பு விலங்கோடும் திரியும் ஹன்டர், பேய்களை ஏவும் வார்லாக், கரடியாகவும் பூனையாகவும் உருமாறும் ட்ரூயிட், பூத சக்திகளை அழைக்கும் ஷாமன், இறையருள் பெற்ற போர்வீரரான பாலடின். ஒவ்வொன்றுக்கும் சில வரி அறிமுகம் இருக்கும். அந்தச் சில வரிகளை நம்பித்தான் ஒருவர் தேர்ந்தெடுப்பார். தேர்ந்தெடுத்த பிறகு அதே உருவத்தோடு மாதக்கணக்கில் உழைப்பார். அன்றைய உச்ச நிலையான 60ஆம் லெவலைத் தொடுவதற்கே பலருக்கு மாதங்கள் பிடித்தன. அதனால் அந்த அறிமுக வரிகளை நான் வாக்குறுதி என்றே சொல்வேன். எந்தப் பாத்திரம் வாக்கைக் காப்பாற்றியது, எது கைவிட்டது, சொல்லாத எதையெல்லாம் எது கொடுத்தது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

பாலடினிலிருந்து தொடங்குகிறேன். ஏமாற்றத்தில் ஆழமானது அதுதான்.

உடல் முழுக்க இரும்புக் கவசம், இரு கையாலும் தூக்கும் பெரிய சம்மட்டி, காயம்பட்ட நண்பரைக் குணப்படுத்தும் அருள், சில விநாடிகளுக்கு எந்த ஆயுதமும் தீண்டமுடியாத ஒளிக்கவசம். இத்தனையும் ஒரே ஆளிடம் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? தனியாகக் காடு மலை சுற்றும் காலத்தில் பாலடின் லேசில் சாகமாட்டார். அடிப்பது மட்டும் மெதுவாக இருக்கும். ஆயுதத்துக்கு ஒரு முத்திரை மந்திரம் போட்டுவிட்டு, சம்மட்டி தானாகவே வீசிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சரி, 60 வந்தால் நிலைமை மாறும் என்று பொறுத்துக்கொண்டார்கள்.

60 வந்தது. அந்த லெவலில் பெரிய காரியம் என்றால் ரெய்டு. மோல்ட்டன் கோர் என்ற எரிமலைக் குகைக்குள் நாற்பது பேர் சேர்ந்து இறங்கி, ரக்னரோஸ் என்ற நெருப்பு அரசனை வீழ்த்த வேண்டும். ரெய்டில் வேலை மூன்றே மூன்று. எதிரியின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்பவர் டேங்க். அவர் உயிரைப் பிடித்து வைப்பவர் ஹீலர். மற்றவர்கள் எதிரியை அடித்துச் சாய்க்க வேண்டியவர்கள். டேங்காக நிற்க வேண்டுமென்றால், எதிரி வேறு யார்மேலாவது பாய்ந்தால் அவனைச் சீண்டித் தன்பக்கம் திருப்பும் திறன் வேண்டும். வாரியருக்கு அது இருந்தது. கரடி உருவில் இருக்கும் ட்ரூயிடுக்கு இருந்தது. பாலடினுக்கு இல்லை. அடிக்கப் போனாலோ, ரோக்கும் மேஜும் அடிப்பதில் ஒரு பங்குதான் தேறும். அதற்குள் மந்திர சக்தியும் தீர்ந்துவிடும். ஆகவே ரெய்டுத் தலைவர் சொல்வார்: பின்னால் போய் நின்று குணப்படுத்துங்கள், எல்லாருக்கும் ஆசீர்வாதம் போடுங்கள்.

ஆசீர்வாதம் என்பது ஒவ்வொரு ஆளின் வலிமையையும் சற்றே கூட்டும் மந்திரம். தொடக்கத்தில் அதன் ஆயுள் ஐந்து நிமிடம். நாற்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் போட்டு முடிப்பதற்குள் முதலில் போட்டவருக்குத் தீர்ந்துபோயிருக்கும். பிற்பாடுதான் ஒரே பாத்திர வகையைச் சேர்ந்த எல்லாருக்கும் சேர்த்துப் போடும் வசதி வந்தது. இதைவிட என்னை வருத்துவது உடை. குணப்படுத்தும் திறனைக் கூட்டும் இரும்புக் கவசங்கள் அன்று அரிதாகவே கிடைத்தன. அதனால் பல பாலடின்கள் பிரீஸ்ட் போடும் துணி அங்கியை மாட்டிக்கொண்டு ரெய்டில் நின்றார்கள். கவசத்துக்காகவே அந்த வகையைத் தேர்ந்தவர்கள், கவசத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்தார்கள்.

ஏன் இப்படி ஆனது? திறன்களுக்குக் கொடுத்த எண்கள் குறைவு என்பது பாதிக் காரணம். மீதி, நாற்பது பேர் கூடும் இடத்தின் கணக்கு. தனியாகப் போகிறவருக்குக் கொஞ்சம் அடி, கொஞ்சம் காப்பு, கொஞ்சம் மருத்துவம் என்று எல்லாம் தெரிந்திருப்பது பெரிய பலம். நாற்பது பேர் கூட்டத்துக்கோ ஒவ்வோர் இடத்துக்கும் அந்த ஒரு வேலையில் மிகச் சிறந்தவர் வேண்டும். வடிவமைப்பாளர்களும், பல வேலை தெரிந்தவர் ஒரு வேலை மட்டும் தெரிந்தவரை மிஞ்சிவிடக் கூடாது என்று கவனமாகக் குறைத்து வைத்திருந்தார்கள். ஷாமனுக்கும் ட்ரூயிடுக்கும் இதே கதிதான். ஷாமன் நடும் ஒரு மந்திரக் கம்பம் பக்கத்திலிருக்கும் வாரியர்களுக்குக் கூடுதல் வீச்சு கொடுத்தது, வாரியர்கள் கொண்டாடினார்கள். ஷாமனே கோடரி எடுத்து முன்னால் போகிறேன் என்றால் பெரும்பாலான குழுக்களில் அனுமதி கிடைக்காது.

வார்லாக்குகள் பட்ட பாடு வேறு மாதிரி. அவர்கள் பலமே எதிரியின் மேல் சாபம், அழுகல், எரிச்சல் என்று அடுக்கடுக்காக ஏற்றுவது. ஆனால் ஓர் எதிரியின் உடம்பில் ஒரே நேரத்தில் ஒட்டக்கூடிய கெடுபலன்களுக்கு விளையாட்டில் வரம்பு இருந்தது. முதலில் 8, பிறகு 16. நாற்பது பேருக்கும் சேர்த்து அவ்வளவுதான். அதனால் உங்கள் சிறப்பு மந்திரங்களைப் போடாதீர்கள், ஒரே ஓர் இருள் அம்பை மட்டும் திரும்பத் திரும்ப எறியுங்கள் என்று அவர்களுக்குக் கட்டளை. திறமை இருந்தும் காட்டக் கூடாது என்றால் எப்படி இருக்கும்!

இனி வியப்புகளுக்கு வருகிறேன். நான் முதலில் சொல்ல விரும்புவது ஹன்டரை.

ஹன்டர் என்றாலே இளக்காரம் இருந்தது. வளர்ப்பு விலங்கு முன்னால் நின்று அடி வாங்கும், இவர் தூரத்திலிருந்து அம்பு விடுவார், புதிதாக வருகிறவர்களுக்கான பாத்திரம் என்று பேசினார்கள். உண்மையில் அதற்குள்ளும் முட்கள் இருந்தன. எதிரி அம்பு விட முடியாத அளவுக்கு அருகில் வந்து, கத்திக்கும் எட்டாத தூரத்தில் நின்றுவிட்டால் ஹன்டரால் ஒன்றும் செய்ய முடியாது. விலங்குக்குத் தீனி போட வேண்டும், அம்பறாத்தூணியை நிரப்ப வேண்டும். இருந்தாலும் இளக்காரம் போகவில்லை. அப்படிப்பட்ட ஹன்டருக்குத்தான் விளையாட்டின் மிகக் கடுமையான தனிநபர்ச் சோதனைகளில் ஒன்றை வைத்தார்கள். மோல்ட்டன் கோர் குகையில் கிடைக்கும் பழைய இலை ஒன்று அதற்கு அழைப்பு. ரோக்டெலார் என்ற வில்லைப் பெற வேண்டுமானால், உலகின் நான்கு மூலைகளில் சாதாரண மனிதர் வேடத்தில் உலவும் நான்கு பேய்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் தன்னந்தனியாகக் கொல்ல வேண்டும். வேறு யாராவது உதவிக்கு ஓர் அடி அடித்தாலும் பேய் மறைந்துவிடும். நான்கு பேய்களுக்கும் நான்கு விதமான உத்தி. எதை எப்படி ஓடவிட்டு அடிப்பது, எங்கே பொறி வைப்பது, எப்போது செத்தது போலக் கிடப்பது என்று ஒரு ஹன்டருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அத்தனையையும் அது கேட்டது. அந்த வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தவரைப் பார்த்தால், இவர் வேலை தெரிந்தவர் என்று எல்லாருக்கும் புரியும். ஒரு பாத்திரத்துக்கு மரியாதை தேடித்தர இதைவிட நல்ல வழி வடிவமைப்பாளர்களுக்குக் கிடைத்திருக்காது என்பது என் கருத்து.

ஹன்டரின் விலங்கு இன்னொரு வியப்புக்கும் காரணமானது. ஹக்கார் என்ற எதிரி பரப்பும் இரத்த நோய் அவனோடு சண்டையிடும் இடத்துக்குள்ளேயே இருக்க வேண்டியது. 2005 செப்டம்பரில் ஹன்டர்களும் வார்லாக்குகளும் நோய் பிடித்த விலங்கையும் பேயையும் திருப்பி அனுப்பிவிட்டு, நகரத்துக்கு வந்து மீண்டும் அழைத்தார்கள். நோயும் கூடவே வந்தது. நகரங்களில் எலும்புக்கூடுகள் குவிந்தன. நோய்ப்பரவலை ஆராயும் அறிவியலாளர்கள் இதைப் பற்றி 2007இல் ‘லான்செட்’ குழும மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார்கள்.

வாரியருடைய கதையைக் கேட்டால் அதிசயமாக இருக்கும். தனியாக வளரும்போது வாரியரின் பாடு திண்டாட்டம். அடித்தாலும் அடி வாங்கினாலும்தான் அவருக்குச் சக்தி ஊறும். ஆயுதம் மட்டமாக இருந்தால் சக்தி ஊறாது. சக்தி இல்லாவிட்டால் அடி விழாது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் உட்கார்ந்து சாப்பிட்டு உடம்பைத் தேற்ற வேண்டும். 2005இல் ரெய்டுக்கு வந்த வாரியர்களில் பலரிடம் கேடயத்தைக் கொடுத்து டேங்காக நிற்கச் சொன்னார்கள்.

2019 ஆகஸ்டில் பிளிஸார்ட் அந்தப் பழைய விளையாட்டை ‘கிளாஸிக்’ என்ற பெயரில் மறுபடி திறந்தது. பாத்திரங்களின் திறன்கள் 2006இல் இருந்த 1.12 பதிப்பின்படியே வைக்கப்பட்டன. முன்பு ரக்னரோஸ் முதன்முதலாக வீழ்ந்தது விளையாட்டு வெளிவந்து ஐந்து மாதம் கழித்து, 2005 ஏப்ரலில். கிளாஸிக்கில் அவன் முதல் வாரத்திலேயே வீழ்ந்தான். வீழ்த்திய குழுவில் 60ஆம் லெவலை எட்டாதவர்களும் இருந்தார்கள். அடுத்து வந்த மாதங்களில் ரெய்டின் அடிப் பட்டியலில் யார் மேலே இருந்தார்கள் தெரியுமா? இரண்டு கையிலும் ஆயுதம் பிடித்த வாரியர்கள். எந்த எதிரிக்கு எத்தனை விழுக்காடு அடி தவறும், அதை ஈடுகட்ட என்னென்ன உடை வேண்டும் என்று இடைப்பட்ட ஆண்டுகளில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். நகர வாசலில் டிராகனின் தலையைத் தொங்கவிடும்போது கிடைக்கும் வரத்தையும், அதுபோன்ற மற்ற வரங்களையும் சேர்த்துக்கொண்டு ரெய்டுக்குள் வந்தார்கள். கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு டேங்காக நின்ற வாரியர்களும் உண்டு. பத்துக்கும் மேற்பட்ட வாரியர்களைச் சேர்த்துக்கொண்ட குழுக்கள் சர்வசாதாரணமாகின.

எண்கள் அநேகமாக அதேதான், நேயர்களே. மாறியவர்கள் விளையாடியவர்கள். ஒரு பாத்திரம் பலமா பலவீனமா என்பதை வடிவமைப்பாளர் எழுதிய எண் பாதிதான் தீர்மானிக்கிறது, விளையாடும் கூட்டம் அதை எங்கே நிறுத்துகிறது என்பது மறுபாதி என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

ட்ரூயிடுகள் இதை இன்னும் அழுத்தமாகக் காட்டினார்கள். பூனை உருவில் அடிக்கும் ட்ரூயிடை 2005இல் சீந்துவாரில்லை. கிளாஸிக்கில் சிலர் பிடிவாதமாக அதையே எடுத்தார்கள். 40ஆம் லெவலுக்கான ஒரு தோல் தலைக்கவசம் உண்டு. பூனையாக மாறும்போதெல்லாம் அது கொஞ்சம் ஆற்றல் கொடுக்கும். 60ஆம் லெவலில் அதைப் போட்டுக்கொண்டு, சண்டையின் நடுவே சொந்த உருவுக்கும் பூனை உருவுக்கும் மாறி மாறி ஆற்றலை நிரப்பினார்கள். நோமரேகன் என்ற குகையில் ஒரு சம்மட்டி கிடைக்கும். 30ஆம் லெவலை ஒட்டியவர்கள் போகும் இடம் அது. அந்தச் சம்மட்டி அரை நிமிடத்துக்கு அடிக்கும் வேகத்தை ஒன்றரை மடங்காக்கும். மூன்று தடவையோடு அதன் சக்தி தீர்ந்துவிடும். பூனை ட்ரூயிடுகள் ரெய்டுக்கு முன்பு அந்தக் குகைக்குத் திரும்பத் திரும்பப் போய், சம்மட்டிகளைச் சேகரித்துக்கொண்டு வந்து, தங்கள் இடத்தைத் தக்கவைத்தார்கள். பிடித்த உருவத்தைக் கைவிட மனமில்லாதவர்களின் அந்த உழைப்பைக் கைகூப்பிப் பாராட்டுகிறேன்.

பாலடினுக்கும் விடிவு வந்தது. 2007 ஜனவரியில் வந்த ‘பர்னிங் க்ரூசேட்’ விரிவாக்கம் ரெய்டை 25 பேராகக் குறைத்தது. எதிரியைத் தன்பக்கம் இழுக்கும் திறன் பாலடினுக்குக் கிடைத்தது. அதுவரை, விளையாட்டில் மோதும் இரு தரப்புகளில் அலையன்ஸுக்கு மட்டும் பாலடின், ஹோர்டுக்கு மட்டும் ஷாமன் என்று இருந்த தடுப்பும் நீங்கியது. ஹைஜால் மலை என்ற ரெய்டில் அலையலையாக வரும் எதிரிகளை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்த, தரையையே ஒளியால் எரிக்கும் பாலடின் டேங்கைத் தேடிப்பிடித்து அழைத்தார்கள்.

2008 நவம்பரில் வந்த டெத் நைட் என்ற புதிய பாத்திர வகையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 55ஆம் லெவலிலேயே தொடங்கும், தொடக்கத்திலேயே அளவுக்கு மீறிய பலம். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள், பிறகு பலத்தைக் குறைத்தார்கள். முதல் மணி நேரத்திலேயே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கும் பாத்திரத்தில் எனக்கு அவ்வளவு ஈர்ப்பில்லை.

கிளாஸிக்கில் 2023 நவம்பர் 30 அன்று தொடங்கிய ‘சீசன் ஆஃப் டிஸ்கவரி’தான் எனக்குப் பிடித்த சோதனை. உலகில் ஆங்காங்கே ஒளித்து வைத்த மந்திர எழுத்துகளைத் தேடியெடுத்து உடையில் பொறித்துக்கொள்ள வேண்டும். அவற்றால் மேஜ் குணப்படுத்தினார். வார்லாக்கும் ரோக்கும் ஷாமனும் டேங்காக நின்றார்கள். பாலடினின் கையுறையில் பொறிக்கக் கிடைத்த எழுத்துகளில் ஒன்று, பழைய விளையாட்டில் அவருக்கு மறுக்கப்பட்ட அதே சீண்டி இழுக்கும் திறன்.

இதையெல்லாம் கேட்டு யாராவது பழைய கிளாஸிக் உலகில் புதிதாகக் கால் வைப்பதானால் ஒன்று சொல்கிறேன். பாத்திரத்தின் வேலையைத் தீர்மானிக்கும் திறன் புள்ளிகள் 10ஆம் லெவலிலிருந்து கிடைக்கத் தொடங்கும். அதற்கு முன்பே ஒரு குழுவில் சேர்ந்து, நான் இந்தப் பாத்திரத்தை இந்த வேலைக்காக வளர்க்கப்போகிறேன், 60இல் எனக்கு இடம் தருவீர்களா என்று நேராகக் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் பாத்திரத்தை மாற்றாதீர்கள். வேறு குழுவைப் பாருங்கள். பூனை ட்ரூயிடுக்கும் சம்மட்டி ஏந்திய பாலடினுக்கும் இடம் கொடுக்கும் குழுக்கள் இருக்கின்றன.