இடுப்பு வலியும் தலையெழுத்தும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இடுப்பு வலி. மேடையேறிப் பேச இதுவும் ஒரு விஷயமா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இக்கூட்டத்தில் ஒரு நாளாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திராதவர்கள் கை தூக்குங்கள் என்றால், மிகச் சில கைகளே தெரியும். உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்குப்படி 2020-ம் வருஷத்தில் 61 கோடியே 90 லக்ஷம் பேர் இதனால் கஷ்டப்பட்டார்கள். 2050-ல் இது 84 கோடிக்கு மேல் போகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதனை வேலை செய்யவொட்டாமல் முடக்குவதில் உலகத்தில் இதுவே முதலில் நிற்கின்றது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

இதைப்பற்றி நம் மக்கள் நினைப்பதென்ன? ஒருவர் வாய்வு என்கிறார். ஒருவர் கண்ணேறு என்கிறார். ஒருவர் போன ஜென்மத்துப் பாவம் என்கிறார். மந்திரிக்கிறார்கள். கால் முன்னே வரப் பிறந்த ஆளைத் தேடிப்பிடித்து முதுகில் மிதிக்கச் சொல்லுகிறார்கள். "மிதித்தார், மூன்று நாளில் போய்விட்டதே, இதற்கென்ன சொல்லுகிறீர்?" என்று நம்மையும் கேட்கிறார்கள்.

சொல்லுகிறோம். புதிதாய் வந்த இடுப்பு வலி பெரும்பாலோருக்குச் சில நாட்களிலோ, சில வாரங்களிலோ தானாகவே தணியும் சுபாவமுடையது. மிதித்தாலும் தணியும், மிதிக்காவிட்டாலும் தணியும். சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தணிந்தவன் ஊரெல்லாம் சொல்லுகிறான். தணியாதவன் வீட்டில் படுத்திருக்கிறான். அவனை யாரும் சாக்ஷிக்குக் கூப்பிடுவதில்லை.

சரி, சிலருக்கு மட்டும் மூன்று மாதத்திற்கு மேலும் போகாமல் நாட்பட்ட வலியாய் நின்றுவிடுவதேன்? அதுதான் முக்கியமான கேள்வி.

முதலாவது, படுக்கை. வலித்தால் அசையாமல் கிடக்க வேண்டும் என்று வைத்தியர்களே வெகுகாலம் சொல்லி வந்தார்கள். பின்லாந்து தேசத்தில் இதைச் சோதித்து 1995-ல் வெளியிட்டார்கள். ஒரு சாராரை இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். ஒரு சாராருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களை வலி பொறுத்த மட்டில் வழக்கமான காரியங்களைப் பார்த்து வரச் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னவர்களே சீக்கிரம் தேறினார்கள்.

இரண்டாவது, பயம். இப்போது ஸ்கேன் படம் ஒன்று எடுத்து, "தட்டு பிதுங்கிவிட்டது" என்று சொல்லிவிட்டால், அன்றோடு அவன் குனிவதை விட்டான். ஆனால் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்து 1994-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 100-க்கு 52 பேருக்குத் தட்டு பிதுங்கியிருந்தது! தலை நரைப்பதுபோல் தட்டும் தேய்கிறது, அதுவே நோயாகிவிடுமா? 100-க்கு 90 பேருக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டவே முடிவதில்லை. ஜாதகத்தைக் கண்டு நடுங்கியவன் இன்று படத்தைக் கண்டு நடுங்குகிறான். நடுக்கம் மாத்திரம் மாறவில்லை.

பயந்தவன் அசையமாட்டான். அசையாத உடம்பு தளரும். தளர்ந்த உடம்பு சிறு வேலைக்கும் வலிக்கும். வலித்தால் பயம் வளரும். கவலையும் தூக்கமின்மையும் சேர்ந்தால், நரம்பும் மூளையும் சிறு சங்கதியையும் பெரும் வலியாகக் காட்டப் பழகிவிடுகின்றன. வலி பொய் என்று நாம் சொல்லவில்லை. வலி மெய்யே. ஆனால் வலி வேறு, கேடு வேறு.

மூன்றாவது, பிழைப்பு. நாளெல்லாம் குனிந்து நடவு நடும் பெண்ணுக்கும், மூட்டை சுமக்கும் தோழருக்கும் வலி வருவதற்குத் தலையெழுத்தா காரணம்? உழைக்கும் முறையல்லவா காரணம்? புகைபிடிப்பதும், உடல் பருத்தலும்கூட இதற்குத் துணை செய்கின்றன. நாம் சொன்னதைக் கேட்டு ஒரு முதலாளி, "அசைவது நல்லதாம், இன்னும் இரண்டு மூட்டை தூக்கு" என்று சொல்லக்கூடும். நாம் சொல்லுவது அதுவல்ல. வலியுள்ளவனுக்கு இலகுவான வேலை, நடுநடுவே இளைப்பாறுதல், வேலை போய்விடுமோ என்ற பயமில்லாமை, இவை வேண்டும். இவற்றைத் தராமல் தைலம் மட்டும் தருவது தருமமல்ல, தந்திரம்.

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தில் 1997 முதல், "முதுகு வலிக்குப் படுத்துவிடாதே" என்று ஊரறியப் பிரசாரம் செய்தார்கள். ஜனங்கள் எண்ணம் மாறிற்று. வைத்தியர்கள் எண்ணமும் மாறிற்று. முதுகு வலிக்காக நஷ்டஈடு கேட்டு வந்த மனுக்களும் குறைந்தன. மருந்து செய்யாததை அறிவு செய்தது. 2023-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தாரும் நாட்பட்ட வலிக்குப் பயிற்சியும் விளக்கமும் வேண்டுமென்றே சொன்னார்கள். இடுப்புப் பட்டையும், இழுவை வைத்தியமும், அபின் இன மருந்தும் வழக்கமாய்க் கொடுக்கலாகாது என்றார்கள்.

ஒன்று மறக்கவேண்டாம். மலஜலம் அடக்க முடியாமற் போதல், தொடையிடுக்கு மரத்தல், கால் வலுவிழத்தல், ஜுரம், காரணமின்றி உடல் மெலிதல், கீழே விழுந்தபின் கடும் வலி, இவை கண்டால் மந்திரவாதி வாசலிலும் நிற்காதீர்கள், வீட்டிலும் சும்மா இராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றவர்கள் எழுந்து நடவுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக அல்ல. உங்கள் புத்தியில் ஆராய்ந்து, சரியென்று பட்டால் நடவுங்கள். வலிக்கிறதென்று படுத்திருக்கும் அண்டை வீட்டுக்காரருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.