ஸ்ட்ரீக் போன பிறகு வேதம் வாசிப்பது

இந்த எபிசோடை கணியம்பாடி வீட்டு மாடியில் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவில் பஸ் ஹாரன் கேட்டால் பொறுத்துக்குங்க, வீடு ரோட்டை ஒட்டியே இருக்கு.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிடறேன். போன வருஷம் ஆண்டவரை நம்புவது பற்றி ஒரு எபிசோட் போட்டேன். நிறைய பேர் ஷேர் பண்ணீங்க. அதை ரெக்கார்ட் பண்ணின வாரத்தில் நான் ஒரு நாள்கூட ஜெபம் பண்ணவில்லை. பழைய நோட்ஸை வைத்து ஓட்டினேன்.

காரணம் அம்மா. 18 வருஷமா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் சமையலை முடித்து, ஒரு அதிகாரம் வாசித்துவிட்டுத்தான் கிளம்புவாங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புடவை கட்டும்போது வலது கையைத் தூக்க முடியவில்லை. ஸ்ட்ரோக். பேச்சு சீக்கிரம் திரும்பியது, நடையும் ஓரளவு வந்தது. கை வரவில்லை. ஒரு தையல்காரிக்கு வலது கை வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

என் பைபிள் ஆப்பில் அதுவரை 212 நாள் ஸ்ட்ரீக். அடுத்த நாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் போனைப் பார்த்தால் பூஜ்ஜியம். மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. நான் தினமும் லாகின் பண்ணிடுவேன், அவர் எங்க வீட்டைப் பார்த்துக்குவார். கிளையன்ட்டோடு போடுகிற ஒப்பந்தம் மாதிரி. அந்தக் கோபத்தில் ஆப்பையே டெலீட் பண்ணிட்டேன்.

பிசியோதெரபிக்கு அம்மாவை வேலூருக்குக் கூட்டிப் போகிற பஸ் பாகாயம் வழியாகப் போகும். பாகாயத்தில் சிஎம்சியின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. சின்ன வயசிலிருந்து அந்த ரோட்டில் போய் வந்தும், அதை யார் ஆரம்பித்தார்கள் என்று நான் தேடினதே இல்லை. ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்து தேடினேன். டாக்டர் மேரி வர்கீஸ். கொச்சிப் பக்கத்துப் பெண், சிஎம்சியில் படித்த டாக்டர். 1954 ஜனவரியில் நண்பர்களோடு வண்டியில் போனபோது விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. அப்போது அவருக்கு 28 வயசு. எனக்கு இப்போது 28.

கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று வழி காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார் மேரி. அப்புறம் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். 1966-ல் பாகாயத்தில் அந்த மையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ.

பழைய நானாக இருந்தால் இங்கேயே, "பார்த்தீங்களா, எல்லாம் நன்மைக்கே" என்று முடித்திருப்பேன். ஆனால் 1954-க்கும் 1966-க்கும் நடுவில் 12 வருஷம் இருக்கு. நான் அதை மூணு நாலு வரியில் தாண்டிட்டேன். அவர் அதை ஒவ்வொரு காலையாக எழுந்து தாண்டினார், அசையாத கால்களோடு. மையம் திறந்த பிறகும் கால்கள் வரவில்லை. நம்ம சர்ச்சில் சாட்சி சொன்னால் கடைசியில் சுகம் கிடைச்சிருக்கணும். சுகம் கிடைக்காதவங்க பின் வரிசையில் பேசாம உட்கார்ந்திருப்பாங்க. அம்மாவும் சில மாசம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாங்க.

அப்புறம் ஒருநாள் காலை அம்மா கூப்பிட்டாங்க. "டேய், பக்கம் திருப்ப வரல. நீ படி." சங்கீதம் 88-ல் அடையாள ரிப்பன் இருந்தது. 18 வசனம்தான். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பலவும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிடும். இது திரும்பாது. நண்பர்களும் விலகிட்டாங்க என்கிற இடத்தில் அப்படியே நின்றுவிடும். எனக்கு ஒரு மாதிரி ஆகிடுச்சு. "வேற படிக்கட்டுமாம்மா?" என்றேன்.

"இன்னாத்துக்கு? அந்த ஆளும் காலையிலதான கேக்கறாரு. பதில் வராமலே கேக்கறாரு. நானும் அப்டித்தான் கேக்கறேன்."

திரும்பப் பார்த்தேன். ஆமாம், 13-ம் வசனத்தில் அவர் காலையில்தான் ஜெபம் பண்றார். இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்று முதல் வசனத்திலேயே சொல்லிட்டார். அவ்வளவு கோபத்தையும் ஆண்டவர்கிட்டயேதான் கொட்டறார், வேற யார்கிட்டயும் இல்லை. நான்தான் ஆப்பை டெலீட் பண்ணிட்டு மைக் முன்னாடி நம்பிக்கை பற்றிப் பேசிட்டிருந்தேன்.

இப்போது தினமும் காலையில் நான் வாசிக்கிறேன், அம்மா கேட்பாங்க. ஆப் இல்லை, அந்தப் பழைய வேதாகமம்தான். வலது கையில் பெருவிரல் கொஞ்சம் அசைகிறது. அதை முன்னேற்றம் என்று சொல்லலாமா தெரியவில்லை, அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. வேகமா படிச்சா மட்டும் திட்டு விழும். இன்று காலை 118-ஐ முடித்தோம். நாளைக்கு 119. மொத்தம் 176 வசனம். எனக்கு 9:30-க்கு மீட்டிங் இருக்குன்னு சொன்னேன். "சீக்கிரமா எழுந்துக்கோ"ன்னுட்டாங்க.