விண்வெளிக்குப் படம் போட்டவர்கள்

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பஞ்சாலையில் நூல் நூற்பவர்களும் வயலில் நாற்று நடுபவர்களும் கூடியுள்ள இடத்தில் விண்வெளியைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வீடு கட்டுமுன் படம் போடுகிறார்கள். யாருக்கு அறை, யாருக்குத் திண்ணை என்பது அந்தப் படத்திலேயே முடிவாகிவிடுகிறது. விண்வெளிக்கும் அப்படித்தான் படம் போடப்படுகிறது. ஆகவே பேசத்தான் வேண்டும்.

ரஷ்யாவில் கலூகா என்ற ஊரில் சியோல்கோவ்ஸ்கி என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். சிறு வயதில் கண்ட காய்ச்சலால் காது மந்தமானவர். 1933-ல் ஒரு சினிமாவுக்காக அவர் விண்வெளிப் பிரயாணத்தைச் சித்திரங்களாக வரைந்து கொடுத்தார். ராக்கெட்டின் காற்று வீணாகாதபடி, இரண்டு கதவுள்ள சிற்றறை வழியே மனிதன் வெளியே வருவதை அதில் காட்டினார். அன்று பூமியைச் சுற்ற ஒரு கலம்கூடக் கிடையாது.

1965 மார்ச் 18-ந் தேதி சுரங்கத் தொழிலாளியின் மகன் அலெக்ஸி லியோனவ் அத்தகைய அறை வழியாகவே வெளியேறி, சுமார் 12 நிமிடம் மிதந்தார். அவருடைய உடை உப்பிவிட்டது. அதிலிருந்த காற்றைக் கொஞ்சம் வெளியேற்றித்தான் உள்ளே திரும்ப முடிந்தது. அந்தப் பிரயாணத்தில் அவர் கலர் பென்சிலால் சூரியோதயத்தை வரைந்தார். பென்சில்கள் மிதந்து போகாமலிருக்க நூலால் கட்டியிருந்தார்.

சோயுஸ் கலத்தின் உட்புறத்தை அமைத்தவர் கலினா பலாஷோவா என்ற பெண். எடையற்ற நிலையில் மேல், கீழ் தெரியாது. எனவே தரைக்கு ஒரு நிறம், கூரைக்கு வேறு நிறம் கொடுத்தார். தாமே தீட்டிய இயற்கைக் காட்சிகளையும் உள்ளே மாட்டினார். கலத்தின் அந்தப் பகுதி பூமிக்குத் திரும்புவதில்லை. படமும் அதோடு எரிந்துபோகும். இயந்திரத்துக்குள்ளே ஒரு மனிதன் வாழப் போகிறான் என்பதை அவர் மறக்கவில்லை. தொழிற்சாலை கட்டுவோரும் இதை மறக்கலாகாது.

அமெரிக்காவிலும் படங்கள் பிறந்தன. 1975-ல் பேராசிரியர் ஓ'நீலின் யோசனையையொட்டி விண்வெளி நகரங்கள் தீட்டப்பட்டன. ஆறு, குன்று, வீடு, விருந்து எல்லாம் உண்டு. இன்று தனியார் கம்பெனிகளும் இத்தகைய படங்களை வெளியிடுகின்றன. நாம் கேட்கிறோம்: அந்த விருந்தைச் சமைத்தது யார்? பாத்திரம் கழுவுகிறவர் எங்கே குடியிருக்கிறார்? அவருக்கு வேலை நேரம் எவ்வளவு? மூச்சுக் காற்றும் முதலாளியின் சொத்தானால், அங்கே வேலைநிறுத்தம் செய்வது எப்படி?

எந்த நாடும் சந்திரனைத் தன் சொத்தென்று உரிமை கொண்டாடக்கூடாது என்கிறது 1967-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தம். ஆனால் அங்கே வெட்டியெடுக்கும் பொருள் வெட்டிய கம்பெனிக்கே சொந்தமென்று 2015-ல் அமெரிக்கா சட்டம் செய்துகொண்டது. நிலத்துக்கு வேலி போட்ட கதையை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

தோழர்களே! எட்டு மணி நேர வேலையும் ஒரு காலத்தில் வெறும் கனவுதான். கனவு காணும் வேலையைப் பணக்காரனிடம் குத்தகைக்கு விடாதீர்கள். உங்கள் குழந்தைகள் சந்திரனில் ஓர் ஊரை வரையட்டும். அதில் உழைப்பவனுக்கும் ஒரு வீடு இருக்கிறதா என்று கூடவே உட்கார்ந்து பாருங்கள்.