டீசல் கெப் வண்டியின் ஓட்டமும் இழுவைத் திறனும்
(இறக்காமம் கமக்காரர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



விதையையும் உரத்தையும் வட்டைக்குக் கொண்டு செல்வதும், நெல்லையும் மரக்கறியையும் அங்கிருந்து சந்தைக்குக் கொண்டுவருவதும் ஆகிய டீசல் கெப் வண்டியைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறேன். வாகன இறக்குமதி 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆதலின் நம்மிடையே பழைய வண்டிகளே மிகுதி. “இவ்வண்டியின் இழுவையைக் கூட்ட வழியுண்டா?” என்று என்னிடம் வினவுவோரும் பலர்.

இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, நண்பர் ஒருவருடைய பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியை அறுவடைக் காலத்தில் ஓட்டிப் பார்த்தேன். அதன் இயந்திரம் 4 உருளைகளும் 2,446 கன சென்றிமீற்றர் கொள்ளளவும் உடையது, டர்போ இல்லாதது. வெறுமையாகச் செல்லுங்கால் வண்டியின் பின்புறம் வரப்பிலும் குழியிலும் துள்ளுகிறது. பத்து மூடை நெல்லை ஏற்றியதும் அத்துள்ளல் அடங்கி, நன்கு பழகிய எருதுபோல் அமைதியாக நடக்கிறது. வட்டைப் பாதையின் களிச்சேற்றில் இரண்டாம் கியரில், முடுக்கியை அதிகம் மிதியாமலே அது ஊர்ந்து ஏறியது. குறைந்த சுற்றிலேயே இழுப்பது டீசல் இயந்திரத்தின் இயல்பு. கமக்காரனுக்கு வேண்டியதும் அதுவே. பிரதான வீதியில் லொறியொன்றை முந்த முயன்றபோதோ நெடுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இதை நான் குறையாகக் கொள்ளவில்லை. நெல் ஏற்றிய வண்டிக்கு முந்தும் அவசரம் எதற்கு?

எனினும், பாரத்துடன் முடுக்கியை அழுத்தியபோதெல்லாம் பின்னால் கரும்புகை எழுந்தது. விசாரித்ததில், இழுவை கூடுமென்று எண்ணி டீசல் பம்பின் அளவுத் திருகாணியைக் கராஜ் ஒன்றில் திறந்து விட்டிருந்தமை தெரிய வந்தது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். 1 லீற்றர் டீசல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 10,000 லீற்றர் காற்று தேவை. மேற்சொன்ன இயந்திரம் நிமிடத்துக்கு 2,000 தடவை சுழலும்போது ஏறத்தாழ 2,400 லீற்றர் காற்றையே உறிஞ்ச இயலும். அஃதாவது, நிமிடமொன்றுக்குக் கால் லீற்றர் டீசலைக்கூட அதனால் முற்றாக எரிக்க முடியாது. திருகாணியைத் திறப்பதால் டீசல் கூடுமேயன்றிக் காற்று கூடாது. மிகுதி டீசல் கரியாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். அத்துடன் உருளையின் வெப்பமும் ஏறும். பிஸ்டன் உருகுவதும், இயந்திரத் தலை வெடிப்பதும் இவ்வாறே நேர்வன. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்கு விற்றதையும், அதற்காக வரிசையில் நின்ற இரவுகளையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய டீசலைப் புகையாக விடுவது தகுமா? வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் அவ்வண்டி தேறாது.

டர்போ இல்லாத இயந்திரத்துக்குக் கூட்ட வேண்டியது காற்றே. அவ்வண்டியின் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தோம். அறுவடை இயந்திரங்களின் பின்னே சென்று வந்ததனால் உமித்தூசியும் சுணையும் அதில் அப்பிக் கிடந்தன. புதிய வடிகட்டி இட்டு, பம்பைச் சோதனை மேசையில் வைத்துப் பரிசோதிக்கும் ஓரிடத்தில் திருகாணியை உரிய அளவுக்கு மீட்டபின், அதே பாரத்துடன் அதே பாதையில் மீண்டும் ஓட்டினேன். புகை பெரிதும் அடங்கியது. மூன்றாம் கியரிலேயே வண்டி இழுத்துச் சென்றது. அறுவடை நாட்களில் வடிகட்டியை அடிக்கடி திறந்து பாருங்கள். சக்கரங்களின் காற்றழுத்தத்தையும் பாரத்துக்கு ஏற்ப வைத்தல் வேண்டும். தளர்ந்த சக்கரம் டீசலை வீணாக்கும்.

பாரத்தைப் பற்றியும் ஒரு சொல். இவ்வகை வண்டிக்கு ஏறத்தாழ 1 தொன்னே தகுந்த சுமை. மூடையொன்று 65 கிலோ எனக் கொண்டால் 15 மூடைகளே அவ்வளவை நெருங்கிவிடும். 25 மூடை ஏற்றிவிட்டு இழுவை போதாதென்று இயந்திரத்தை நோவதில் பயனில்லை. பிரேக் பிடிக்காமல் போவது அதனினும் பெரிய ஆபத்து. மேலும், 22 விழுக்காடு ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லைக் களத்திலேயே 14 விழுக்காட்டுக்குக் காயவைத்தால் அது ஏறத்தாழ 907 கிலோவாகக் குறையும். காயாத நெல்லை ஏற்றுபவர் 93 கிலோ தண்ணீரைக் கூலியின்றிச் சுமக்கிறார். வெயில் உள்ளபோது காயவைப்பதைக் காட்டிலும் மலிவாக இழுவையைக் கூட்டும் வழி எனக்குத் தெரியாது.

டர்போ பூட்டிய புதிய வண்டிகளின் நிலை வேறு. அவற்றில் டீசலின் அளவையும் டர்போவின் அழுத்தத்தையும் கணினிப்பெட்டி ஒன்றே ஆள்கிறது. அதன் கட்டளைகளை மாற்றி இழுவையை உண்மையாகவே உயர்த்தலாம். ஆயினும் கிளச்சு, கியர்ப்பெட்டி, குளிர்விக்கும் நீர்த்தொகுதி யாவும் பழைய அளவுக்கே செய்யப்பட்டவை. வெறும் வண்டியை விரைவாக ஓட்டுவோருக்கு அம்மாற்றம் சில காலம் தாங்கலாம். வெயிலில் முழுப்பாரத்துடன் மெதுவாகச் சேற்றில் இழுக்கும் நமக்கு முதலில் தேய்வது கிளச்சே. ஆகையால் கமத்துக்குரிய வண்டியில் அதனைச் செய்யற்க என்பதே என் கருத்து.

மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கத்தையும் விட்டொழியுங்கள். டீசல் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலே எண்ணெய்ப் பசை. மண்ணெண்ணெயில் அப்பசை குறைவு. மலிவென்று பலர் கலந்தனர். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதன் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபின் மலிவென்னும் காரணமும் பெரிதும் வலுவிழந்தது.

கான்களில் சேமித்த டீசலில் நீரும் துருவும் அடியில் தங்கும். அதனைத் தெளியவிட்டு, மேற்பகுதியை மட்டும் துணியால் வடித்து ஊற்றுக. மாரி காலத்தில் வாரத்துக்கொரு முறையேனும், காலையில் இயந்திரத்தை இயக்குமுன், டீசல் வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு போத்தலில் சிறிது வடித்துப் பாருங்கள். அடியில் நீர் பிரிந்து நிற்குமாயின், தெளிந்த டீசல் வரும்வரை வடித்துத் திருகை இறுக்கிவிட்டு வண்டியை எடுங்கள்.