நாம் தேர்ந்தெடுக்கும் கப்பல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அறிவிலும் அனுபவத்திலும் முதிர்ந்த பெரியோர் நிறைந்த இச்சபையில், கல்வி இன்னும் நிறைவுபெறாத மாணவராகிய நாம் பேசத் துணிவது சற்று மிகையே. எனினும் சில மாதங்களாக எம் மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். கேள்வி சிறியது. நமக்கென ஒரு கப்பலைச் சின்னமாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், எந்தக் கப்பலைத் தேர்ந்தெடுப்போம்?

சின்னம் என்பது நமக்குப் புதிதன்று. மட்டக்களப்பு என்றதும் பாடும் மீன் நினைவுக்கு வருகிறது. நம் நாட்டுக்கு நீலோற்பலம் தேசிய மலராகவும் நாக மரம் தேசிய மரமாகவும் 1986 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. மலருண்டு, மரமுண்டு, கப்பல் இல்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவுக்கு இஃது ஒரு குறையன்றோ?

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே மாநிலங்கள் பல, பூவையும் பறவையையும் போலவே கப்பலையும் சட்டமியற்றித் தம் சின்னமாக ஏற்றிருக்கின்றன. கனெக்ரிக்கற் மாநிலம் உலகின் முதலாவது அணுசக்தி நீர்மூழ்கியாகிய நோட்டிலசை 1983 இல் ஏற்றது. ரெக்சாஸ் மாநிலம் தன் பெயரைத் தாங்கிய போர்க்கப்பலை ஏற்றது. வாஷிங்ரன் மாநிலமோ 2007 இல் லேடி வாஷிங்ரன் என்னும் பாய்க்கப்பலை ஏற்றது. அது பதினெட்டாம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து 1989 இல் புதிதாகக் கட்டப்பட்ட பிரதி. பழைய மரம் எஞ்சாவிடினும் அதன் நினைவுக்கு உருக்கொடுத்தால் அதுவும் சின்னமாகலாம் என்பதை அம்மக்கள் ஒப்புக்கொண்டனர்.

இவற்றுள் எம் நெஞ்சைத் தொட்டது மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் கப்பல். 1894 இல் எஸெக்ஸ் என்னும் சிற்றூரில், மீன்பிடிக்காகக் கட்டப்பட்ட இரட்டைப் பாய்மரக் கப்பல் அது. எஃபி எம். மொரிசி என்பது அதன் முதற்பெயர். பின்பு பொப் பார்ட்லெற் என்னும் கப்பற்றலைவர் அதனை வடதுருவப் பனிக்கடலுக்குப் பலமுறை செலுத்தினார். 1946 இல் தீப்பற்றி நீரில் மூழ்கிய அதனை, ஆபிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வேர்ட் தீவுகளைச் சேர்ந்த ஒரு கப்பற்றலைவர் வாங்கிச் செப்பனிட்டு, தம் மகளின் பெயரால் எர்னெஸ்ரீனா என்றழைத்தார். அதன்பின் பல்லாண்டுகள் அத்தீவுகளின் ஏழை மக்களையும் அவர்தம் மூட்டை முடிச்சுக்களையும் அத்திலாந்திக் சமுத்திரத்தின் குறுக்கே ஏற்றிச் சென்றது. 1975 இல் விடுதலை பெற்ற கேப் வேர்ட் நாடு, 1982 இல் அக்கப்பலை அமெரிக்க மக்களுக்கு அன்பளிப்பாக வழங்கியது. மசச்சூசெற்ஸ் அதனைத் தன் மாநிலக் கப்பலாக்கியது.

அன்பர்களே, அது எந்தப் போரிலும் வென்ற கப்பலன்று; மீன் ஏற்றிய கப்பல், பிழைப்புத் தேடிய மக்களை ஏற்றிய கப்பல். அன்றியும், சின்னம் என்று சட்டத்தில் எழுதியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 2015 முதல் 2022 வரை ஏழாண்டுகள் அதனைப் புதுக்கினர். இன்று அது கடற்கல்வி பயிலும் மாணவருக்குப் பயிற்சிக் கப்பலாக விளங்குகிறது. பெயரிலும் நீதி செய்தனர். இன்று அது எர்னெஸ்ரீனா மொரிசி என இரு பெயர்களையும் சேர்த்தே அழைக்கப்படுகிறது. கட்டியவர் வைத்த பெயரும் போகவில்லை. காப்பாற்றியவர் வைத்த பெயரும் போகவில்லை.

நிற்க. இனி நம் கரைக்கு வருவோம்.

மிஷன் பாடசாலையில் படித்தவர்கள் நாம். கப்பல்களின் பெயர் சொல்லுங்கள் என்று ஆசிரியர் கேட்டபோது, நோவாவின் பேழை என்றோம். கொலம்பசின் சாந்தா மரியா என்றோம். நெல்சனின் விக்ரரி என்றோம். நம்மவர் கட்டிய கப்பல் ஒன்றின் பெயரை வகுப்பில் ஒருவராவது சொல்லவில்லை. இதைப் பாடசாலையின் பிழையென்று நாம் கூறமாட்டோம். கற்பித்தவர்கள் தாம் அறிந்ததை அன்போடு கற்பித்தார்கள். நம் வீட்டுத் திண்ணையிலும் எவரும் நமக்கு அதைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

மட்டக்களப்புச் சரித்திரத்தில் கப்பல்கள் உண்டு. 1602 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் திகதி ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்க்கன் தம் கப்பலோடு நம் கரைக்கு வந்தார். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி, விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற்கப்பலாகிய ஹேர்மிஸ், யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி நம் கடலிலே மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் அதனோடு மாண்டனர். இன்றும் அது நம் கடலடியிற் கிடக்கிறது. அவ்வுயிர்களுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் முன்னது நம் கரையைத் தேடி வந்த கப்பல். பின்னது நம் கரையில் வீழ்ந்த கப்பல். இரண்டிலும் நம் உழைப்பு இல்லை. நம் கடலில் நிகழ்ந்தது என்பதனாலேயே ஒன்று நம் சின்னமாகிவிடாது.

அங்ஙனமாயின் நம் கைகள் கட்டிய கப்பல் எது? அதன் பெயர் அன்னபூரணி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில், அவ்வூர் ஓடாவிமாரின் கைத்திறனால் உருவான 89 அடி நீளப் பாய்க்கப்பல். சிறு பாய்ப்படகொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த அமெரிக்கராகிய வில்லியம் அல்பேட் றொபின்சன் என்பவர், உலகத்துக் கப்பல்களெல்லாம் கண்டவர், இதனைக் கண்டு விரும்பி விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர், தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை அவர்களை முதல்வராகக் கொண்டு, ஓர் அமெரிக்கக் கப்பற்றலைவரின் கீழ் அதனைச் செலுத்தினர். சுயெஸ் கால்வாய் கடந்து, மத்தியதரைக் கடல் கடந்து, அத்திலாந்திக் சமுத்திரம் கடந்து, 1938 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி அக்கப்பல் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

குளொஸ்ரர் எங்குள்ளது தெரியுமா? அதே மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, எர்னெஸ்ரீனா பிறந்த எஸெக்ஸ் ஊருக்கு அடுத்த ஊர் அது! ஒரு கப்பல் பிறந்த இடத்துக்கு மிக அண்மையிலே மற்றைக் கப்பல் போய்ச் சேர்ந்தது. ஆனால் சேர்ந்தபோது அதன் பெயர் அன்னபூரணி அன்று, புளோறன்ஸ் சி. றொபின்சன். வாங்கியவர் தம் மனைவியின் பெயரைச் சூட்டியிருந்தார். வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு. அவர்மேல் நமக்குக் குறையில்லை. குறை நம்மேலேதான். எஸெக்ஸ் மக்கள் தம் கப்பலின் பழம்பெயரை மறக்கவில்லை. உலகுக்கெல்லாம் அன்னமிடும் அம்மையின் பெயரைத் தாங்கிய நம் கப்பலை, நம் பிள்ளைகளில் எத்தனைபேர் அறிவர்?

ஆகவே எம் கருத்து இது: இத்தீவின் தமிழருக்கு ஒரு கப்பல் சின்னமாக வேண்டுமாயின், அஃது அன்னபூரணியே.

இதனை நம் சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "மகன், அது வல்வெட்டித்துறைக் கப்பல், மட்டக்களப்பாருக்கு அதில் என்ன பங்கு? அதோடு, 2004 இல கடல் செய்ததை மறந்துபோட்டா கப்பலைக் கொண்டாடச் சொல்றாய்?" என்று கேட்டார்.

இரண்டும் நெஞ்சிலே தைக்கும் கேள்விகள். இரண்டாவதற்கு முதலில் விடை கூறுவோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதியை இக்கரையில் எவரும் மறக்க முடியாது. கல்லடியிலும் நாவலடியிலும் கடல் கொண்டுபோனவர்களின் வீடுகளில் விளக்கு இன்றும் அதே நாளில் ஏற்றப்படுகிறது. ஆயினும் கரையில் எஞ்சியவர்கள் மீண்டும் தோணியைத் தள்ளிக்கொண்டு அதே கடலுக்குத்தான் போனார்கள். கடல் நமக்கு இனியது என்று காட்டும் சின்னமன்று கப்பல். கடல் இன்னதென்று அறிந்தும் மனிதன் அதன்மேற் செல்கிறான் என்பதையே அது காட்டுகிறது.

முதற் கேள்விக்கு விடையை எம் சொந்த அறிவிலே தேடவில்லை. நம் கோயிலிலே கண்டோம். வைகாசித் திங்களில் நம் ஊர்க் கண்ணகை அம்மன் கோயில்களில் கண்ணகி வழக்குரை படிக்கிறோம். பண்டிதர் வீ. சீ. கந்தையா அவர்கள் 1968 இல் பதிப்பித்த அந்நூலிலே கப்பல் வைத்த காதையும் கடலோட்டு காதையும் உள்ளன. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி கொணர்வதற்காக மீகாமன் கப்பல் ஓட்டிய கதை அது. அக்கப்பல் சோழநாட்டுக் கப்பல், மட்டக்களப்பில் கட்டியதன்று. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அதனை ஆண்டுதோறும் பாடிக் கடலிலே விட்டவர்கள் நாம். பாடிப் பாடியே அது நமதாயிற்று. கட்டியவருக்கு ஒரு கப்பல் ஒருமுறை சொந்தமாகிறது. மறவாதவருக்கு ஆண்டுதோறும் சொந்தமாகிறது. சோழநாட்டுக் கப்பலை நமதாக்கிய நமக்கு வல்வெட்டித்துறைக் கப்பல் எப்படி அந்நியமாகும்?

மேலும், தோணியின்றி மட்டக்களப்பு உண்டா? எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைத்து வைத்தது வாவியிலோடிய தோணிதான். கல்லடிப் பாலம் 1924 இல் வந்தது. மண்முனைப் பாலம் 2014 இல்தான் வந்தது. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் படகுக்கு நம் முன்னோர் வைத்த பெயரைப் பாருங்கள்: பாதை! மண்டூர் முருகனைத் தரிசிக்கக் குறுமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்துநின்ற பாட்டிமார் இச்சபையிலும் இருக்கிறார்கள். நீரின்மேற் செல்லும் மரத்தையே வழி என்று அழைத்த மக்கள் நாம்.

சட்டமியற்றும் அதிகாரம் நமக்கில்லை. அது ஆட்சியாளரின் வேலை. ஆனால் எர்னெஸ்ரீனாவின் கதை நமக்குக் கற்பிப்பது, சின்னத்தைத் தேர்வது ஒரு கடமையை ஏற்பது என்பதே. அக்கடமையில் நம் சங்கத்தின் சக்திக்கு உட்பட்டவை மூன்று உள்ளன. ஒன்று, அன்னபூரணியின் கதையும் அதனைச் செலுத்திய ஐவரின் பெயரும் நம் வாசிகசாலைச் சுவரில் எழுதப்படல் வேண்டும். இரண்டு, நம் வாவிக்கரையில் மரத்தோணி கட்டத் தெரிந்த முதியோர் எஞ்சியிருக்கும்போதே, தோணியின் உறுப்புக்களுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களையும் மரந்தெரியும் முறையையும் இளைஞர்கள் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். கண்ணாடியிழைப் படகு வந்தபின் அவ்வறிவைக் கேட்பாரில்லை. இன்னும் பத்தாண்டு கழிந்தால் சொல்வாரும் இரார். மூன்று, அம்முதியோரைக் கொண்டே ஒரு சிறு தோணியைக் கட்டுவித்து நம் சங்கத்தின் பெயரால் வாவியில் விடல் வேண்டும். அதற்கு அன்னபூரணி என்று பெயரிடுவோம்.

அன்பர்களே, இனி ஒரு பாடசாலையில் ஓர் ஆசிரியர் கப்பலின் பெயர் கேட்கும்போது, நம் தம்பி தங்கையருள் ஒருவர் எழுந்து அன்னபூரணி என்று சொல்வாராயின், சட்டம் வராவிடினும் சின்னம் பிறந்துவிட்டது என்றே கொள்வோம்.