நான்கு பேர் கூடிக் கேட்கும் ஆல்பம்

ஒரே ஆல்பம், நான்கு சிடிகள். ஒன்று முடிந்தபின் அடுத்ததைப் போடுவதற்காக அல்ல. நான்கு சிடி பிளேயர்களில் நான்கையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால்தான் பாட்டு முழுமையாகும். அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியைச் சேர்ந்த 'தி ஃப்ளேமிங் லிப்ஸ்' என்ற ராக் இசைக்குழு 1997இல் வெளியிட்ட 'ஸைரீக்கா'தான் அந்த ஆல்பம்.

1983இல் தொடங்கிய குழு இது. 1996இல் கிடார் கலைஞர் ரொனால்ட் ஜோன்ஸ் விலகியபோது, பாடகர் வேய்ன் காய்ன் பழைய வழியிலேயே போக விரும்பவில்லை. ரசிகர்களை ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு வரவழைத்தார். காருக்கு ஒரு கேசட் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஒலிகள். அவர் சொன்னதும் எல்லாரும் ஒன்றாக ஓடவிட, கார்களின் ஸ்பீக்கர்கள் சேர்ந்து ஒரே இசைக்கருவி ஆகிவிட்டன. அந்தச் சோதனைதான் வீட்டுக்குள் வரும்படி இந்த எட்டுப் பாடல்களாக உருமாறியது.

இதில் ஓர் அழகு இருக்கிறது. எந்த இரண்டு பிளேயர்களும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பாட்டு நகர நகர ஒன்று சற்று முந்தும், ஒன்று பிந்தும். குரல் தனக்குத்தானே எதிரொலியாகும், தாளம் இரட்டிக்கும். 1960களின் சைக்கடெலிக் இசைக் கலைஞர்கள் டேப்பைத் திருப்பி ஓட்டியும் எதிரொலி சேர்த்தும் ஸ்டூடியோவில் உண்டாக்கிய அந்த மயக்கம், இங்கே கேட்பவரின் அறையிலேயே பிறக்கிறது. எந்தப் பிளேயரை எந்த மூலையில் வைக்கிறோம், அறைக்குள் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பாட்டு மாறும். நேற்றுக் கேட்டது இன்று அப்படியே திரும்பி வராது.

வீண் விளையாட்டு என்று சொன்னவர்களும் உண்டு. 'பிட்ச்ஃபோர்க்' விமர்சன இதழ் இதற்குப் பத்துக்குப் பூஜ்ஜியம் கொடுத்தது. நான்கு பிளேயர்களுக்கு எங்கே போவது என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சிரமத்தில்தான் இந்த ஆல்பத்தின் உயிரே இருப்பதாக நான் நினைக்கிறேன். நண்பர்களைக் கூப்பிட வேண்டும், பிளேயர்களைத் தேடிச் சேர்க்க வேண்டும், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சேர்ந்து அழுத்த வேண்டும். இசையைக் கேட்பதும் ஒரு கூட்டு வேலை என்று இந்தக் குழு நம்பியது.

அந்த நம்பிக்கை வீணாகவில்லை. ஏறத்தாழ இதே காலத்தில் உருவாகி 1999இல் வெளிவந்த 'தி சாஃப்ட் புல்லட்டின்' என்ற ஆல்பம் இந்தக் குழுவுக்குப் பெரும் பாராட்டைத் தேடித் தந்தது. ஒலியை அடுக்கடுக்காகச் சேர்க்கும் துணிச்சலை அதிலும் கேட்கலாம்.

இன்று சிடி பிளேயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான்கு பேர், நான்கு கைபேசிகள், நான்கு ஸ்பீக்கர்கள் போதும். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, நண்பர்களோடு கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் முன்னே பின்னே போனால் கவலை வேண்டாம். அதுவும் இந்தப் பாட்டில் சேர்த்திதான்.